அப்படி ஓர் ஊர் இல்லை

பொன்னப்பனைக் கெட்டவர் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. நல்லவர் என்றும் யாரும் மெனக்கெட்டுச் சொன்னதில்லை. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கொட்டுகிற மழையில் கம்பத்து உச்சியில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கப் பயப்படாத மனிதர், நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கச் சொன்னால் வெலவெலத்துப் போவார். குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் கடைசி வரிசைதான் அவருக்கு. கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார், டீயும் பழம்பொரியும் வந்தால் சாப்பிடுவார், வீட்டுக்கு வந்து மனைவி விஜயம்மாவிடம் "எல்லாம் நல்லபடியா முடிஞ்சு" என்பார். எது முடிந்தது என்று கேட்டால் முழிப்பார்.

அப்படிப்பட்டவரின் தலையில்தான் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் இடி விழுந்தது. சங்கச் செயலாளர் கிருஷ்ணன்குட்டி சார் வாசலில் வந்து நின்றார்.

"பொன்னப்பா, நான் விசாரிச்சாச்சு. அப்படி ஒரு ஊரே கிடையாது."

எந்த ஊர் என்று பொன்னப்பன் கேட்கவில்லை. வீட்டின் பின்பக்கத்து அறைகளில் குடியிருக்கிற ரபிகுலைப் பற்றித்தான் பேச்சு என்று தெரியும். தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலை வட்டாரத்தில் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த எல்லோருக்கும் ஒரே பெயர்தான், பெங்காளி. ஒடிசாக்காரனும் பெங்காளி, பீகார்க்காரனும் பெங்காளி. ரபிகுல் உண்மையிலேயே வங்காளத்துக்காரன், பங்களாதேஷ் எல்லையை ஒட்டிய முர்ஷிதாபாத் மாவட்டம். இதுவரை அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை. ஆனால் நாடு முழுக்க யார் இந்த நாட்டுக்காரன், யார் களவாக உள்ளே வந்தவன் என்ற பேச்சு கிளம்பி, கையில் இருக்கிற போனில் எல்லாம் அதே வீடியோவாக ஓட ஆரம்பித்த பிறகு, டைல்ஸ் ஒட்ட வந்தவன் முகத்தை ஊர் இரண்டாம் தடவை பார்க்கத் தொடங்கியது.

"ஆதார் கார்டுல தியாராபூர் எண்ணு எழுதியிருக்கு. என்கூட சர்வீஸ்ல இருந்த ஆளு அங்க பக்கத்துலதான் வீடு கெட்டி இருக்கான். அவன்கிட்ட சொல்லி அங்க உள்ள பஞ்சாயத்து ஆபீஸ்ல கேக்கச் சொன்னேன். அப்படி ஒரு ஊரு லிஸ்டுலயே இல்ல எண்ணு சொல்லியாச்சு. இல்லாத ஊருக்காரன் எங்கேருந்து வந்திருப்பான்? நீயே சொல்லு."

"சாரே, அவன் கொஞ்ச வருசமாட்டு இங்க..."

"கொஞ்ச வருசம் இருந்தா லீகல் ஆயிடுமா? நாளைக்கு மத்தியானம் கூட்டம். ரூமை ஒழிச்சாச்சு எண்ணு நீ சொல்லணும். இல்லெங்கி நான் ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பேன். உன்னையும் சேர்த்தாக்கும்."

கிருஷ்ணன்குட்டியை வில்லனாக நினைத்துவிட வேண்டாம். வரியை முதல் ஆளாகக் கட்டுகிறவர். சொந்த மச்சினன் அனுமதி வாங்காமல் மதில் கட்டியபோது, தானே பஞ்சாயத்தில் புகார் கொடுத்து இடிக்க வைத்தவர். தங்கச்சி இன்னும் அவரோடு பேசுவதில்லை. எல்லைப் பாதுகாப்புப் படையில் இருந்து, வங்காள எல்லையில் வருஷக்கணக்காகக் காவல் நின்று திரும்பியவர். சட்டம் என்றால் அவருக்கு உயிர். அந்த உயிர்தான் மற்றவர்களுக்குத் தலைவலி.

அவர் போனதும் பொன்னப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனார். ரபிகுல் அன்றைய வேலை முடிந்து வந்து, முழங்கை வரை ஒட்டியிருந்த சிமெண்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி சல்மா ஏழு மாத வயிற்றோடு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கேட்காமலே டீ வந்தது. அறைக்குள் ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டது.

"இது எப்பத்திலிருந்து?" என்று கேட்டார் பொன்னப்பன்.

"இந்நலெ தொட்டு, சேட்டா" என்றான் ரபிகுல். நேற்றிலிருந்துதானாம். அவன் மலையாளம் ஊரில் பிறந்தவனின் மலையாளம் மாதிரியே இருக்கும், கடைசியில் மட்டும் கொஞ்சம் இழுவை.

பொன்னப்பன் ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஃபேனைக் கழற்றினார், துடைத்தார், எண்ணெய் விட்டார், மாட்டினார். இறங்கியபோது கை முழுக்கக் கரி. ரபிகுல் சோப்பை நீட்டினான். பொன்னப்பன் கழுவிக்கொண்டு வந்துவிட்டார்.

"சொன்னியளா?" என்று கேட்டாள் விஜயம்மா.

"ஃபேன் சத்தம் போட்டு. சரியாக்கிட்டு வாறேன்."

விஜயம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். குடி ஒழிக்கப் போன மனிதர் ரிப்பேர் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஒரு சங்கம் இறக்கிவிட்ட குடும்பத்தை அடுத்த சங்கம் ஏற்றாது என்று அவளுக்குத் தெரியும். இந்த வயிற்றோடு அந்தப் பெண் எங்கே போய் நிற்பாள்? அதைவிட மோசம், இல்லாத ஊர்க்காரன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அவனை எந்தத் திசையில் கொண்டுபோய்த் தள்ளுவார்களோ. விஜயம்மா போனை எடுத்து வார்டு மெம்பரைக் கூப்பிட்டாள்.

மெம்பர் ரெஜிலா ஞாயிறு காலை ஆராதனை முடிந்த கையோடு, சர்ச்சுக்குக் கட்டிய சேலையிலேயே ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பொழியூர்க் கடற்கரையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். காற்றுக்கும் அலைக்கும் மேலே பேசிப் பழகிய தொண்டை. ஓடை அடைத்துக்கொண்டு தெருவெல்லாம் நாறியபோது அதிகாரியின் ஜீப்புக்கு முன்னால் குடையை விரித்து உட்கார்ந்தவள். பொன்னப்பனுக்கு அவள்மேல் அப்படி ஒரு மரியாதை. தனக்குத் தராமல் வைத்துக்கொண்ட நாக்கையும் சேர்த்துக் கடவுள் இவளுக்கே கொடுத்துவிட்டார் என்று நினைப்பார். வோட்டுப் போட்டது வேறு ஆளுக்கு, அது வேறு விஷயம்.

பொன்னப்பன் நடந்ததைச் சொன்னார். ரெஜிலா கேட்டாள். பிறகு நேரே பின்பக்கம் போனாள்.

"ரபிகுலே, நின்றெ ஊரு தியாராபூரா?"

"அதெ மெம்பரே."

"அங்ஙனெ ஒரு ஊரு இல்ல எண்ணு சொல்லுதாவ."

ரபிகுல் முகம் விழுந்துவிட்டது. பயந்தவன் முகம் மாதிரி இல்லை. சாவு விசாரிக்க வந்தவர்களைப் பார்க்கிறவன் முகம் மாதிரி இருந்தது.

"இல்ல மெம்பரே. இப்போ இல்ல. பத்மா கொண்டுபோயி."

பொன்னப்பனுக்கு விளங்கவில்லை. பத்மா யார், ஏதாவது பெண்ணா என்று யோசித்தார். ரெஜிலா யோசிக்கவில்லை. சேலை அழுக்காகும் என்றுகூடப் பார்க்காமல் அறையின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆறா?"

"பெரிய புழ. ஆத்யம் மாந்தோப்பு போயி. பின்னெ பள்ளி. பின்னெ ஸ்கூள். பின்னெ ஞங்ஙளுடெ வீடு. ஒரு மழக்காலத்து எல்லாம் போயி." முதலில் மாந்தோப்பு, பிறகு மசூதி, பிறகு பள்ளிக்கூடம், கடைசியில் வீடு என்று ஒரே மழைக்காலத்தில் ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டதாம்.

"இத நீ ஒருத்தர்கிட்டயும் சொல்லேல்லியா?"

"ஊரு ஏதா எண்ணு எல்லாரும் சோதிச்சு மெம்பரே. ஊரு உண்டோ எண்ணு ஆரும் சோதிச்சில்ல."

எந்த ஊர் என்றுதான் எல்லோரும் கேட்டார்களாம், ஊர் இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லையாம். தான் இத்தனை வருஷம் வாடகைக்கு வைத்திருந்தும் கேட்கவில்லையே என்று பொன்னப்பனுக்குச் சுருக்கென்றது. ரெஜிலா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"அண்ணே, என் அம்மைக்க ரேஷன் கார்டுல இருக்க வீடு இப்பம் கடலுக்குள்ளயாக்கும். மீனுதான் குடியிருக்கு. அம்மை வாடகை வீட்டுல கிடக்கா. எவனாவது விசாரிச்சா அந்த நம்பர்ல வீடே இல்ல எண்ணுதான் சொல்லுவான். அப்பம் என் அம்மையும் களவாட்டு வந்தவதானா? மத்தியானம் கூட்டத்துக்கு நானும் வாறேன்."

மத்தியானம் வாசகசாலைக் கட்டிடத்தில் கூட்டம். எப்போதும் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும் இடத்தில் அன்று நிற்க இடமில்லை. ரபிகுலையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவன் சுவரோரமாக நின்றான். அந்த ஹாலின் தரைக்கு டைல்ஸ் ஒட்டியவனே அவன்தான், இப்போது அதன்மேல் நிற்பதற்கே கூச்சப்படுகிறவன்போல் ஒதுங்கி நின்றான்.

முதலில் எழுந்தவன் சிஜு, மொபைல் கடை வைத்திருக்கிறவன். "இதுக்கு இவ்வளவு பாடு எதுக்கு? ஈசியா கண்டுபிடிக்கலாம் எண்ணு வாட்ஸ்அப்புல வந்திருக்கு. குடிக்க வெள்ளத்துக்கு ஜல் எண்ணு சொன்னா இந்தியாக்காரன். பானி எண்ணு சொன்னா பங்களாதேஷ்."

பொன்னப்பனுக்குப் பக்கென்றது. ரபிகுல் குடிவந்த புதிதில் பின்வாசலில் வந்து "பானி, பானி" என்று கேட்டதும், சர்க்கரைப் பானிதான் கேட்கிறான் என்று விஜயம்மா அடைக்குக் காய்ச்சி வைத்திருந்த வெல்லப்பாகை ஒரு டம்ளர் நிறைய எடுத்துக் கொடுத்ததும், அவன் மரியாதைக்கு முழுதையும் குடித்துவிட்டுத் தள்ளாடிப் போனதும் தெருவுக்கே தெரிந்த கதை. இரண்டு மூன்று பேர் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

"சிஜு மக்கா, இரி" என்றாள் ரெஜிலா. "அவன் பானி எண்ணுதான் சொல்லுவான். அந்தப் பக்கத்துல பாதி ஊரு அப்படித்தான் சொல்லும். நீ இப்பம் என்ன சொன்ன, குடிக்க வெள்ளம் எண்ணா? போன மாசம் மதுரையில ஒரு ஓட்டல்ல நான் வெள்ளம் கேட்டேன். எந்த ஊருல வெள்ளம் எண்ணு பதறிட்டான் அந்தப் பய. வாயில வாற வார்த்தைய வச்சு எல்லை போட்டா உன்னையும் என்னையும் எந்த நாட்டுக்கு அனுப்புவாவ?"

ஹால் சிரித்தது. சிஜுவும் சிரித்துவிட்டான், பாவம், கெட்ட பையன் இல்லை. கிருஷ்ணன்குட்டி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மெம்பர் பேசினா எல்லாருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனா நான் அந்த எல்லையில நின்ன ஆளாக்கும். மூடுபனியில கை நீட்டினா கை தெரியாது. அதுக்குள்ள ஆளு வரும். பிள்ளையத் தோளுல வச்சுக்கிட்டு வரும். பசியில வாறவன் எண்ணு தெரியும். திருப்பி அனுப்பியிருக்கேன். மனசு கேக்காது, ஆனாலும் அனுப்பினேன். முறையா வாறவன் உண்டு, முறையில்லாம வாறவன் உண்டு. ரெண்டும் ஒண்ணுதான் எண்ணா, நான் அங்க நின்னது என்னத்துக்கு?"

பொன்னப்பனுக்கு அந்தக் கிழவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, மரியாதையாகவும் இருந்தது. இவர் சொல்வதும் சரிதானே என்று ஒரு பக்கம் தோன்றியது. பின்பக்கத்து அறையில் சல்மா தனியாக இருப்பாளே என்று இன்னொரு பக்கம் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றினால் மனிதர் என்னதான் செய்வார்.

"சாரு சொன்னது சரியாக்கும்" என்றாள் ரெஜிலா. எல்லோரும் நிமிர்ந்தார்கள். "ரெண்டும் ஒண்ணு எண்ணு நான் சொல்லமாட்டேன். களவாட்டு வந்தவன் எண்ணா அதுக்கு ஸ்டேஷன் உண்டு, கோர்ட்டு உண்டு, சாரு எழுதிக் குடுங்க. நான் தடுக்கல. ஆனா ஊரு இல்ல எண்ணு சொன்னதுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு. இவன் பொய் சொல்லியிருக்கலாம். இல்லெங்கி ஊரு போயிருக்கலாம். சாரு ஒண்ணைத்தான் விசாரிச்சிய."

"ஊரு போச்சா? எங்க போச்சு?"

"அதச் சொல்ல ஆளு உண்டு. பேசுதியளா?"

காலையிலிருந்து அவள் அதைத்தான் செய்திருந்தாள். ரபிகுல் மூலமாக அவன் பழைய பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரைத் தேடிப் பிடித்து வைத்திருந்தாள். கிருஷ்ணன்குட்டிக்கு இங்கிலீஷும் இந்தியும் தெரியும், யாரும் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டாம். ரெஜிலா தன் போனில் வீடியோ கால் போட்டு அவர் கையில் கொடுத்தாள். பொன்னப்பன் தன்னையறியாமல் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றார்.

தகரக் கூரைக்கு அடியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடி, கழுத்தில் மஃப்ளர். மண்டல் என்று பேர் சொன்னார். கிருஷ்ணன்குட்டி விசாரணை அதிகாரி மாதிரியே கேட்டார். ரபிகுலைத் தெரியுமா? தெரியும். அவன் அப்பா பெயர் என்ன? சொன்னார், கார்டில் இருந்த பெயர்தான். பள்ளிக்கூடத்துக் கூரைமேல் ஏறி ஓட்டை உடைத்ததற்கு அவனை அடித்ததும் நினைவிருக்கிறது என்றார். சுவரோரம் நின்ற ரபிகுல் தலையைக் குனிந்துகொண்டான்.

"தியாராபூர் என்ற ஊர் ஏன் பட்டியலில் இல்லை?"

"மிச்சமிருந்த குடும்பங்களைப் பக்கத்துப் பஞ்சாயத்தோடு சேர்த்துவிட்டார்கள். புதுப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்காது. பழைய பட்டியலில் இருக்கும், நான் நகல் அனுப்புகிறேன்."

"ஊர் எங்கே?"

ஹெட்மாஸ்டர் எழுந்து நடந்தார். போன் ஆடியது, ஒரு வேலி தெரிந்தது, ஒரு ஆடு தெரிந்தது. பிறகு அவர் போனைத் திருப்பிப் பிடித்தார். தண்ணீர். கரை தெரியாத கலங்கல் தண்ணீர். செங்குத்தாக அரிந்து நிற்கிற மண்மேட்டில் பாதிச் சுவர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய விரல் படத்துக்குள் வந்து, தண்ணீரின் நடுவே ஓர் இடத்தைக் காட்டியது. அங்கேதான் ரபிகுலின் வீடு என்றார்.

கிருஷ்ணன்குட்டி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அந்த மேட்டை, வளைவை, தூரத்தில் நின்ற ஒற்றைப் பனையைப் பார்த்தார். அவர் குரல் மாறியது. விசாரணை செய்கிற குரல் இல்லை அது.

"அங்கே கீழ்ப்பக்கமாக ஒரு காவல் சாவடி உண்டே. படித்துறைக்குப் பக்கத்தில். தகர ஷெட்டும் கோபுரமும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஆச்சரியப்பட்டார் ஹெட்மாஸ்டர்.

"நான் அங்கே நின்றிருக்கிறேன். சாவடியை நம்பர் வைத்துத்தான் சொல்வோம், ஊர்ப் பெயரைக் கேட்டதில்லை."

"அதுதான் சார் முதலில் போனது" என்றார் அவர், வருத்தமாகத்தான். "ஊருக்கு முந்தியே போய்விட்டது."

கிருஷ்ணன்குட்டி போனை ரெஜிலாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். பொன்னப்பன் அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று தோன்றி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இளமையை எல்லாம் கொடுத்துக் காத்த இடம், இப்போது வெறும் தண்ணீர். ரெஜிலா ஜெயித்த முகத்தோடு நிற்கவில்லை. அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வெள்ளம் குடிங்க சாரே" என்று பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவள் பேசியதைவிட அந்த ஒரு காரியத்துக்காகத்தான் பொன்னப்பன் மனதுக்குள் அவளைக் கும்பிட்டார். அடுத்த தடவை வோட்டு இவளுக்குத்தான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கிருஷ்ணன்குட்டி எழுந்தார். ரபிகுலிடம் போய் நின்றார்.

"கேட்டிருக்கணும் உன்கிட்ட. கேக்காம அங்க கேட்டேன். தப்பு என்மேல."

ரபிகுல் தலையை ஆட்டினான். கூட்டம் கலையப்போகிற சத்தம் கேட்டது. கிருஷ்ணன்குட்டி விடவில்லை. அவர் அப்படி விடுகிற ஆள் இல்லை. மேசை மேலிருந்த தாளைக் கையில் எடுத்தார். வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தை எழுதி ஸ்டேஷனில் கொடுக்க வேண்டிய தாள் அது. பெயர், தகப்பன் பெயர், வேலை எல்லாம் தன் கையாலேயே எழுதினார். ஒரு கட்டத்தில் பேனா நின்றது.

"நிரந்தர விலாசம் எண்ணு கேக்குது. இதுல என்ன எழுத? ஆத்துக்குள்ள போன ஊரை எழுதினா நாளைக்கு வேற ஒருத்தன் விசாரிப்பான். அவனும் இல்ல எண்ணு சொல்லுவான். மறுபடி இந்தப் பிள்ளையளுக்குத் தொல்லை."

அவர் சொன்னது நியாயம். ரெஜிலா தாளை வாங்கி ஒரு தடவை படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். கிருஷ்ணன்குட்டியின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. யார் பேசுவது என்று எல்லோரும் தேடினார்கள். பேசினவருக்கே தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது.

"என் வீட்டு விலாசத்த எழுதுங்க சாரே."

கிருஷ்ணன்குட்டி திரும்பினார். "அது அவன் வாடகைக்கு இருக்க விலாசமாக்கும். மேலேயே எழுதியாச்சு. நிரந்தர விலாசத்துல அத எழுதக்கூடாது."

"கீழயும் எழுதுங்க."

"பொன்னப்பா, அது இல்லீகலாக்கும்."

பொன்னப்பனுக்குப் பின்வரிசைக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் கால்கூடத் திரும்பியது. வாசலுக்கு வெளியே, விஜயம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சல்மா வந்து நிற்பதை அப்போதுதான் பார்த்தார்.

"இருக்கட்டு" என்றார்.

கிருஷ்ணன்குட்டி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்நாளில் ஒரு தாளிலும் தப்பாக ஒன்றும் எழுதியிராத மனிதர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, மேசைமேல் குனிந்தார்.

"வீட்டு நம்பர் சொல்லு" என்றார்.